சுரைக்காய் விளம்பரம்

டெல்டா மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் வேளாண் ஆசிரியர். பாடம் நடத்துவது பாதி வேலை. மீதி, பதினோராம் வகுப்பு வேளாண் பிரிவுக்கு ஊருக்குள் போய்ப் பிள்ளை பிடிப்பது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் என் பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாருக்கு எத்தனை மா நிலம்?" என்றார். வாடகை வீடு, மொட்டை மாடியில் இரண்டு தொட்டி என்றேன். "தொட்டியில குறுவையா, சம்பாவா?"

1978இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. பெற்றோர் மனசுக்குள் மட்டும் இன்னும் வரவில்லை. "சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதான் சார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம். அங்கயும் மம்பட்டியக் குடுத்தா எப்படி?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயம்தான். அதற்கான பதில் நெல் விலையில் இருக்கிறது. அது என் பாடத்திட்டத்தில் இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தில் தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கு 5 சதவீத இடம் உண்டு என்று சொன்ன பிறகுதான் உட்கார நாற்காலி வந்தது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேச அனுமதி வாங்கினேன். தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை எல்லாம் முடிந்து மைக் என் கைக்கு வந்தபோது எதிரே இருந்தவர் மைக் செட்காரர் மட்டும். "சீக்கிரம் முடிங்க சார், கழட்டணும்."

அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பஞ்சகவ்யா விளக்கம். சாணம், கோமியம், பால், தயிர், நெய். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். டிரம்மின் மூடியைத் திறந்ததும் சட்டமும் காற்றோட்டமான இடத்துக்குப் போய்விட்டது.

கடைசியில் எங்களுக்கு விளம்பரம் செய்தவர் ஒரு திருடர். பள்ளிப் பந்தலில் தொங்கிய சுரைக்காய்களை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் இதே பேச்சு. திருடுகிற அளவுக்கா காய்த்திருந்தது என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். என்ன உரம் என்று கேட்டார்கள். ஒரு பாட்டி விதை கேட்டார். நோட்டீஸ் அடித்த காசுக்குப் பேசாமல் இன்னும் நாலு பந்தல் போட்டிருக்கலாம்.

பள்ளித் தோட்டத்துக்கு எமன் மே மாதம். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளின்றி எல்லாம் காய்ந்துவிடும். சென்ற மே மாதம் காயவில்லை. யாரோ இருட்டில் வந்து ஊற்றியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கண்டுபிடிக்கச் சொன்னார். வேண்டாம், கண்டுபிடித்தால் நின்றுவிடுவார் என்றேன்.

பள்ளி திறந்த வாரம் கடைத்தெருவில் ஒருவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், இந்த வருசம் பீர்க்கங்காய் போடுங்க. சுரைக்காய்னா வீட்ல பசங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குதுங்க."