‘ரேம்ஷேக்கிள்’ என்னும் சொல்லும் என் சைக்கிளும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

‘ரேம்ஷேக்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளை ஐயம் திரிபற நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஓட்டை உடைசலைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களை முதலில் ஓரங்கட்டுவோம். ‘ஷேபி’ சொறியிலிருந்து பிறந்தது; துணிக்கு ஆகும். ‘ரிக்கெட்டி’ எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயிலிருந்து வந்தது, நாற்காலிக்கு ஆகும். ‘டிலாப்பிடேட்டட்’டுக்குள் கல்லைக் குறிக்கும் லத்தீன் ‘லாபிஸ்’ கிடக்கிறது. ஆகவே மரவீட்டுக்கு அதைச் சொல்லலாகாது என்று வாதாடிய பண்டிதர்கள் உண்டு. கூரை தலையில் இறங்கும் நேரத்திலும் வேர்ச்சொல் பார்ப்பவனே பண்டிதன்.

இனி நம் சொல். ‘ரேம்’ என்றால் செம்மறிக் கடா, ‘ஷேக்கிள்’ என்றால் விலங்கு. கடாவுக்கு விலங்கு பூட்டிய கதையோ என்று தோன்றும். இல்லை. நம்மூர் வேர்ச்சொல் அறிஞர்களிடம் கொடுத்திருந்தால் ‘ராமன் சாக்கு’ என்று பிரித்து, அந்தச் சாக்கு குமரிக்கண்டத்தில் கிழிந்தது என்று முடித்திருப்பார்கள். உண்மையில் பழைய நார்ஸ் மொழியில் ‘ரன்’ என்றால் வீடு; அதோடு தேடுதல் சேர்ந்து ‘ரான்சாக்’ ஆனது. அதன் வழிவந்த ‘ரான்சாக்கிள்’ மருவியதே நம் சொல். ஆக, ரெய்டு முடிந்த வீடு.

பொருள் வரையறைக்கு என் சைக்கிளே முதன்மைத் தரவு. பெல்லைத் தவிர எல்லாம் ஒலிக்கும். ‘இது எப்படி ஓடுது?’ (சைக்கிள் கடைக்காரர், வாய்மொழி, காலை). ‘இது எப்படி சார் இன்னும் ஓடுது?’ (மேற்படியார், அதே நாள் மாலை, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சாட்சி: டீக் கிளாஸுடன் ஒருவர், சர்க்கரை கம்மி). இரண்டாம் பாடத்தின் ‘இன்னும்’ இடைச்செருகல் அன்று. அதுவே சொல்லின் உயிர். விழ வேண்டியது விழாமல் நிற்கும்வரைதான் அது ரேம்ஷேக்கிள். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசை 1914இல் பிரிட்டிஷ் அமைச்சர் லாயிட் ஜார்ஜ் இச்சொல்லால் ஏசினார். 1918இல் பேரரசு உடைந்தது, சொல்லுக்கும் வேலை போயிற்று. காயலான் கடைத் தராசில் ஏறிய சைக்கிளுக்கும் அடைமொழி கிடையாது, கிலோ கணக்குதான்.

தமிழில் இதற்கு ‘லொடலொட’ போதும். அது பெயரடையா, உரிச்சொல்லா, வெறும் இரட்டைக்கிளவியா என்பதைக் கருத்தரங்குக்கு விடுகிறேன். மதியச் சாப்பாடு உண்டு என்றால் நானும் வருவேன்.

தரவைச் சரிபார்க்க விரும்புவோர் சைக்கிளை எடுத்துச் செல்லலாம். இடது பெடலை மட்டும் நம்ப வேண்டாம்.