ஆலை வாசலோடு முடியும் கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிளேர் என்றொரு ஊர். அங்கே 2002 முதல் மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து, பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் தயாராகிறது. பச்சை இலை அச்சிட்ட ஐஸ் காப்பிக் குவளைகளில் பலவற்றுக்குப் பூர்வீகம் இப்படி ஏதோ ஒரு சோளக்கொல்லைதான்.

கார்பன் கணக்கில் இதற்கு ராஜயோகம். ஒரு கிலோ பிஎல்ஏவுக்காகச் சோளப்பயிர் காற்றிலிருந்து இழுத்து வைத்தது 1.83 கிலோ கரியமில வாயு. அதை வரவில் எழுதிவிட்டு, ஆலை வாசலிலேயே பேரேட்டை மூடிவிடலாம். இதற்கு முறைப்படியான பெயரே உண்டு: ‘தொட்டிலிலிருந்து வாசல் வரை’. பிற்பாடு குவளை எரிந்தால் அதே 1.83 கிலோ திரும்பக் கிளம்பும். அது வேறு யாரோ எழுதவேண்டிய செலவு!

மக்கிப்போகுமே என்றால், அதுவும் லேசில் நடக்காது. சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இயங்கும் உரக்கூடம் வேண்டும். கொல்லைப்புறக் குப்பைக்குழியில் போட்டால் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

சோளத்துக்குக் கொட்டிய தழைச்சத்து உரத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றும். ஆய்வறிக்கைகளில் அதற்கு ஒரு வரி கிடைத்துவிடும். விளம்பரப் படத்தில்தான் உர மூட்டையைக் காணோம்.