நாற்காலியே வேண்டாமென்ற ரெட்டியார்

மரக்காணம் உப்பளத்தில் நின்று மேற்கே திரும்புங்கள். கண்ணுக்கு எட்டாது, ஆனால் அந்தப் பக்கம்தான் ஓமந்தூர். 1947 மார்ச்சில் அந்த ஊர்க்காரர் ஒருவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். ஆமாம் சார், பிரதமர்! முதலமைச்சருக்கு அன்றைக்கு அதுதான் பட்டம். சுதந்திரம் வந்தபோது டெல்லியில் நேரு, கோட்டையில் நம்ம ராமசாமி ரெட்டியார்.

முந்தைய பிரதமர் பிரகாசத்தைக் கவிழ்த்த காமராஜர் கோஷ்டிக்கு அவசரமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. ரெட்டியாரோ பிடிகொடுக்கவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் கேட்டுவிட்டுத்தான் சரி சொன்னார் என்பார்கள். அதிகம் பேசாத ஹைகமாண்ட்! எந்தக் கட்சிக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

ஆலயப் பிரவேசம், தேவதாசி ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு என்று இரண்டே வருஷத்தில் சட்டமாகப் போட்டுத் தள்ளினார். அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள் எம்.எல்.ஏ.க்கள். வில்லங்கம் வந்தது சிபாரிசில்.

பாவம், எம்.எல்.ஏ. அப்படி என்னதான் கேட்டுவிடப் போகிறார்? மச்சானுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், மாப்பிள்ளைக்கு ஒரு பர்மிட், தாலுகா ஆபீசில் உட்கார ஒரு நாற்காலி. கட்சிக்காரர் நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றுவிட்டார் ரெட்டியார். மூக்கை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தால் எம்.எல்.ஏ. மூச்சு விடுவது எப்படி?

ரெட்டியாரும் லேசுப்பட்டவர் இல்லை. சிரித்த முகத்தோடு “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பும் அரசியல் பாலபாடத்துக்கு மட்டம் போட்டவர். பதவி எனக்குத் தூசு என்பதிலும் ஒரு கெத்து இருக்கத்தானே செய்கிறது!

1949 ஏப்ரல். மரக்காணத்தில் உப்பு வாரும் காலம். கோட்டையில் மட்டும் திடீர் மழை. உட்கார வைத்தவர்களே எழுப்பிவிட்டார்கள். ரெட்டியார் வடலூருக்குப் போய் வள்ளலார் பணியில் இறங்கிவிட்டார். தோற்றவர் முகத்தில் இவ்வளவு நிம்மதியா என்று ஜெயித்தவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஆனாலும் விட்டார்களா? சென்னை அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயர். அங்கேயே 2010-இல் கருணாநிதி புதுச் சட்டமன்றம் கட்டினார். மன்மோகன் சிங் திறக்க வருகிறார், உச்சியில் குவிமாடம் ரெடியாகவில்லை. கூப்பிடு தோட்டா தரணியை! சினிமா செட் போட்டே குவிமாடத்தை நிறுத்திவிட்டார்கள். ஜனநாயகத்தின் உச்சி, ஆர்ட் டைரக்டர் உபயம்.

மறுவருஷம் ஜெயலலிதா வந்தார். சபை பழைய கோட்டைக்கே மூட்டை கட்டியது. 2014-இல் கட்டிடம் ஆஸ்பத்திரி ஆனது. எம்.எல்.ஏ.க்களை ரெட்டியார் இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டார். அவர் பேர் வைத்த தோட்டத்துக்கு அந்தப் பொறுமையும் இல்லை.

இப்போது அங்கே யார் சிபாரிசும் இல்லாமல் ஓ.பி. சீட்டு கொடுக்கிறார்கள்.