வளர்ந்த பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?

2012-இல் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. அந்த வருடம்தான் வீட்டுக்கு மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப் மெஷின் வந்தது. எனக்குப் பதினாறு வயது. டுஷேன் தசைச்சிதைவு முதலில் நடையை எடுத்துக்கொண்டது, பிறகு கைகளின் பலத்தை. அடுத்து மூச்சுத் தசைகளுக்கு வந்திருந்தது. காலையில் எழுந்தால் மண்டை பிளக்கும், வகுப்பில் தூங்கி விழுவேன். சோம்பேறித்தனம் என்றார்கள். தூக்கத்தில் மூச்சு போதாமல் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்துகொண்டிருந்தது என்பது ஆஸ்பத்திரியில் பரிசோதித்த பிறகே தெரிந்தது.

“ஆக்சிஜன் வைக்க வேண்டியதுதானே?” என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். பைபேப் அறையில் இருக்கும் காற்றைத்தான் மாஸ்க் வழியே தள்ளுகிறது. இழுக்கும்போது அழுத்தம் கூடும், விடும்போது குறையும். எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சுக்குத் துணை கொடுக்காமல் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்தால், கரியமில வாயு இன்னும் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் வீட்டாரும் அவசரத்துக்கு வருகிற ஆம்புலன்ஸ்காரர்களும் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இது.

அன்று மாஸ்க்கை மாட்டுவது அம்மாவின் கணக்கு. பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும். தளர்த்தினால் காற்று கசிந்து கண்ணில் அடித்து எரியும். இன்வெர்ட்டரும் தீர்ந்துபோன ராத்திரிகளில் என்னைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, தூங்கவிடாமல் விடியும்வரை பேசிக்கொண்டிருப்பார். இன்றும் மாட்டுவது அம்மாதான். ஆனால், “இடது பக்கம் ஒரு நூல் தளர்த்தும்மா” என்று சொல்வது நான். அவர் தயங்காமல் தளர்த்துகிறார்.

கஜா புயல் 2018-இல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டபோது நான் பெரியவனாகிவிட்டிருந்தேன். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. பக்கத்து வீட்டு மாமா டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் இன்வெர்ட்டரில் மாட்டினார். எந்தப் பேட்டரியை எப்போது ஜெனரேட்டருக்கு அனுப்புவது என்று நேரம் குறித்துச் சொன்னவன் நான். என் மூச்சுக்கான பொறுப்பு என் கைக்கு வந்த நாட்கள் அவை.

பதினாறில் டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். இருபதைத் தாண்டுவது கஷ்டம் என்று சொன்னதாக அப்பா வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். ஆனால் இங்கிலாந்தின் நியூகாசிலில் செய்த ஓர் ஆய்வு 2002-இலேயே வெளிவந்திருந்தது: 1960களில் இந்த நோயாளிகள் இறந்த சராசரி வயது 14.4, 1990 முதல் வீட்டில் மூச்சுக்கருவி வைத்துக்கொண்டவர்களுக்கு அது 25.3. இன்று முப்பதைத் தாண்டி வாழ்கிறவர்கள் பலர் உண்டு. அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேராததால், “படிச்சு என்ன பண்ணப் போறான்” என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு சில வருடங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போயின. தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்தது பிறகுதான். இப்போது ஒரு விரலில் மவுஸை நகர்த்தி, கடைவீதிக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். இன்றைய டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

அம்மாவுக்கு வயதாகிறது. ராத்திரியில் என்னைப் புரட்டிப் படுக்கவைக்க, சளி கட்டினால் இருமும்போது வயிற்றை அழுத்திவிட, இன்னோர் ஆள் வேண்டும். தமிழக அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகையில் அப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியாது. சிறுபிள்ளையைத் தூக்கிச் சுமக்கத் தாய் இருப்பாள் என்ற நினைப்பில் போட்ட ஏற்பாடு, நாற்பதை நோக்கிப் போகிறவனுக்குப் பற்றாது.

ஒரு பையன் மெஷினோடு வீடு திரும்பும் அன்றே, அவன் பெரியவனாவான் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். என்ன படிக்கப் போகிறான், என்ன வேலை செய்வான், பெற்றோருக்குப் பிறகு யாரோடு இருக்க விரும்புகிறான் என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்லும் பதிலுக்கேற்ப ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள்.