குறுவட்டில் மறுமுறை எழுதாமை: ஓர் ஆய்வு

எழுதும் குறுவட்டு இருவகைப்படும். சீடி-ஆர் என்பதில் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். 1997-இல் வந்த சீடி-ஆர்டபிள்யூவில் அழித்து அழித்து எழுதலாம். இவற்றுள் எதை வாங்குவது என்னும் வழக்கு தீருமுன்பே பென்டிரைவ் வந்து இரண்டையும் கடையைவிட்டு விரட்டியது. வழக்கு மட்டும் நிலுவையில் நிற்கிறது. அதை முடித்துவைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல்வகை வாங்குவோரை ஏட்டுக் கட்சியார் என்றும், மற்றவரை மணற் கட்சியார் என்றும் அழைப்போம். எழுத்தாணி ஏட்டில் கீறியது கீறியதே. திண்ணைப் பள்ளி மணலிலோ, எழுதியதை உள்ளங்கையால் தடவிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகலாம்.

முதலில் பொருளியல்பு. ஆர் தகட்டின் வயிற்றில் இருப்பது சாயம். லேசர் சுட்ட இடத்தில் அது சிதையும், சிதைந்தது மீளாது. ஆர்டபிள்யூவில் இருப்பது வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த உலோகக் கலவை. 500 டிகிரிக்கு மேல் உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அதன் அணுக்கள் கலைந்தபடியே உறைந்துவிடும். சுமார் 200 டிகிரியில் இதமாகச் சூடுகாட்டினால் மறுபடி வரிசையில் நிற்கும். இந்த வித்தையை ஏறத்தாழ 1000 முறை செய்யலாம்.

இந்த ஆயிரம்தான் மணற் கட்சியாரின் பிரம்மாஸ்திரம். ஆயிரம் ஆர் வாங்கும் செலவை ஓர் ஆர்டபிள்யூ மிச்சப்படுத்தும் என்பர். கணக்கு சரி. ஆனால் ஆயிரம் முறை எழுதியவர் யார்? வாங்கியவர் முதல் வேலையாக மச்சினன் கல்யாணப் போட்டோக்களை ஏற்றுவார். அதன்பின் அழிக்கக் கை வருமா? அழித்தது தெரிந்தால் வீட்டில் சோறு கிடைக்குமா? ஆகவே, அடுத்த தேவைக்கு இன்னொரு ஆர்டபிள்யூ வாங்குவார், கூடுதல் விலையிலேயே. அழிக்கும் வசதிக்குக் காசு கொடுத்து, அழிக்காமலே இருப்பது என்னும் இந்நிலையை உளவியலார் ஆராயாமல் விட்டது வியப்பே.

வாங்கிய ஆர்டபிள்யூவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் அடுத்த இடி. கடையில் விற்கும் பாட்டு சீடி தன்மேல் விழும் லேசர் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர் கிட்டத்தட்ட அதற்கு நிகர். ஆர்டபிள்யூ தருவது 15 முதல் 25 சதவீதம். மாமனார் வீட்டுப் பழைய பிளேயர் அதை விழுங்கி, சற்றுநேரம் முனகி, 'தகடு இல்லை' என்று சொல்லிவிடும். தகட்டைக் கையால் போட்ட மருமகன் நிலை சொல்லத் தரமன்று.

ஏட்டுக் கட்சியார் இதற்குள் சிரிக்க வேண்டா. ஏட்டைச் செல் அரிக்கும். சாயத்தை வெயில் அரிக்கும். போதாக்குறைக்கு, பழைய எழுதிகளில் தகடு எரிந்துகொண்டிருக்கையில் கணினி ஒரு நொடி தடுமாறித் தரவு தராது போனால் தகடு பாழ். அந்நேரத்தில் மவுசைத் தொட்ட தம்பிகள் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

எனினும், பாழான தகட்டுக்கும் வாழ்வுண்டு. நூல் கட்டி மொட்டைமாடியில் தொங்கவிட்டால், வடகத்தைக் காக்கையிடமிருந்து காக்கும். அங்கேயும் பளபளப்பு மிகுந்த ஆரே சிறந்தது. மங்கலான ஆர்டபிள்யூவுக்கு வடாம் காக்கும் தகுதியும் குறைவு என்பது என் துணிபு. காக்கைகளின் கருத்து இன்னும் பெறப்படவில்லை.