டிராகுலா பிரபுவின் ஆகார நியமம்

பூத பைசாசங்களின் குணாதிசயங்களைக் குறித்து எத்தனையோ கிரந்தங்கள் எழுந்திருந்தும், சித்திரப் படக்காரர்கள் வசம் சிக்கியபின் அவற்றின் போஜன முறை என்னவாயிற்று என்று விசாரிக்க ஒருவரும் முன்வராதது, வித்துவான்களின் அசிரத்தையையே காட்டுகிறது.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட மூலநூலில், டிரான்சில்வேனியக் கோட்டைக்கு இரவில் வந்து சேர்ந்த ஜோனாதன் ஹார்க்கருக்கு வாட்டிய கோழியும் பாலாடைக்கட்டியும் பழைய டோக்காய் மதுவும் அளித்துவிட்டு, தமக்கு முன்பே போஜனம் ஆயிற்றென்று சொல்லிப் பிரபு வாளாவிருந்தார். விருந்தாளியும் ஒரு நாள் விருந்தாகக்கூடும் என்பதொன்றைத் தவிர அவ்வுபசாரத்தில் குறை காண இடமில்லை. 1988-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தோன்றிய 'கவுண்ட் டக்குலா' தொடரிலோ, வாத்துப் பிரபுவை உயிர்ப்பிக்கும் சடங்கில் இரத்தம் இருக்கவேண்டிய இடத்தில் செவிலித்தாய் தக்காளிச் சாஸைக் கொடுத்துவிட, திரவியம் மாறினால் பலனும் மாறும் என்ற நியாயப்படி, எழுந்தவர் பரம சாகபட்சிணியாகிவிட்டார். குலதர்மம் கெட்டதே என்று ஏங்கும் பட்லர் ஈகோரின் துயரம் சொல்லி மாளாது. (வாத்துக்குப் பல் ஏது என்று ஆட்சேபிப்பவர்கள் கதை கேட்க லாயக்கற்றவர்கள்.)

2012-இல் வந்த 'ஹோட்டல் டிரான்சில்வேனியா'வில் விடுதி முதலாளியாகிவிட்ட பிரபு, மனித இரத்தத்தில் கொழுப்பு மிகுதி என்று அதை விலக்கிப் போலி இரத்தம் பருகுகிறார். பூண்டு தின்றால் அவருக்குத் தொண்டை வீங்குமாம்! மூலநூலில் பிரபுவின் இரையான லூசியைக் காக்க வைத்தியர் வான் ஹெல்சிங் அவள் கழுத்தில் மாலையாக அணிவித்த மகா ரட்சை, வைத்தியரிடம் முறையிடும் ஒவ்வாமையாகக் குறுகிவிட்டது.

உண்மையில் சாகபட்சிணி என்ற பட்டத்துக்கு உரியது, 1818-இல் மேரி ஷெல்லி படைத்த பிராங்கென்ஸ்டைனின் சிருஷ்டியே. ஆட்டையும் குட்டியையும் கொல்லாமல், ஓக் மரக் கொட்டைகளும் காட்டுப் பழங்களுமே தனக்குப் போதுமென்று அது தன் வாயாலேயே சொல்கிறது. ஆசிரியையின் கணவர் பெர்சி ஷெல்லி 1813-இலேயே மரக்கறி உணவை ஆதரித்துப் பிரசுரம் எழுதியவர். அப்பேர்ப்பட்ட விரதசீலம் மேற்படி டிரான்சில்வேனியா விடுதியில் தங்கிப்போகும் விருந்தாளிகளில் ஒன்றாய் ஒதுங்கி நிற்க, புகழெல்லாம் நேற்று மனம் மாறிய பிரபுவுக்குப் போவது அநியாயம்.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சுகிறது. கடையில் விற்கும் தக்காளிச் சாஸில் பூண்டு சேர்ப்பதுண்டு. சடங்கில் வார்த்தது அவ்வகையாயின் டக்குலா எழுந்தேயிருக்கக்கூடாது. பூண்டு கலவாத சாஸாகப் பார்த்தெடுத்திருந்தால், செவிலித்தாய் கை தவறித்தான் கொடுத்தாள் என்பதை நம்புவதெப்படி?