டார்வின் வீட்டு ஊறுகாய்க் கறை

பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இன்றைய பெற்றோரின் குறிப்பேடு வேலைக்கு அனுப்பும் சுயவிவரம் மாதிரி இருக்கிறது. 3 வயதில் 30 தலைநகரங்கள், 8 கோள்கள், குறள் பத்து. கடித்தது, கிள்ளியது, பொய் சொன்னது ஒன்றும் ஏறாது. இந்தக் கணக்கில் சார்லஸ் டார்வின் மோசமான தகப்பன். 1839-இல் பிறந்த மூத்த மகன் வில்லியம், கோபம் வந்தால் புத்தகத்தையும் குச்சியையும் எடுத்து எறிவதில் தேறிவிட்டதைக்கூட எழுதிவைத்தார். இரண்டரை வயதைத் தாண்டிய பையன், தொடாதே என்று சொன்ன சர்க்கரையைத் தின்றுவிட்டு வந்தபோது கண்ணில் இருந்த மினுக்கம், இரண்டு வாரம் கழித்து ஊறுகாய்ச் சாறு பட்ட மேலங்கியைச் சுருட்டி மறைத்த சாமர்த்தியம், எல்லாம் பதிவாகியிருக்கிறது.

ஒப்பிட்டால்தானே குறை தெரியும் என்பார்கள். நியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு அளவுகோல்படி, குழந்தை தானாக நடப்பது எட்டு மாதத்திலும் ஆகலாம், பதினேழு மாதத்திலும் ஆகலாம். முந்தியவருக்குப் பதக்கம் ஏதும் அறிவிக்கவில்லை. பிள்ளை வளர்ந்ததும் படித்து மகிழுமே என்பது அடுத்த வாதம். டார்வின் தன் குறிப்புகளை அச்சேற்றியது 1877-இல். அப்போது வில்லியத்துக்கு வயது 37, சவுத்தாம்ப்டனில் வங்கித் தொழில். நம் பிள்ளை ‘டோக்கியோ’ என்று மழலையில் சொன்ன காணொளியோ அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், பெரியப்பாவின் கைதட்டலையும் வாங்கிவிடுகிறது. தம்பியைக் கடித்ததற்குத்தான் காணொளி கிடையாது.